சன்ஃபிளவர் கவுண்டியும் அமெரிக்க வேளாண் மானியமும்

சன்ஃபிளவர் கவுண்டி என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மிசிசிப்பி மாநிலத்தில், வடமேற்கே டெல்டா எனப்படும் சமவெளியில் அமைந்துள்ள ஊரகப் பகுதியாகும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு அடுத்த நிலையில் உள்ள ஆட்சிப் பிரிவே கவுண்டி. நம் மாவட்டத்தைப் போன்றது என்றாலும், மக்கள்தொகையில் பெரும்பாலும் ஒரு வட்டத்தின் அளவுக்குக்கூட வராது. இண்டியனோலா இதன் தலைமையிடம். ரூல்வில், டாட்ஸ்வில், டிரூ ஆகியவை பிற சிற்றூர்கள். ஆற்று வண்டல் படிந்த கரிசல் மண்ணும் அதில் விளைந்த பருத்தியுமே நெடுங்காலம் இவ்வட்டாரத்தின் வாழ்வாக இருந்தன.

அமெரிக்க நடுவண் அரசு 1933-ஆம் ஆண்டு முதல் உழவர்களுக்கு நேரடியாகப் பணம் வழங்கி வருகிறது. அந்தப் பணம் ஓர் ஊரகக் கவுண்டிக்குள் வந்தபின் யாரிடம் போய்ச் சேர்ந்தது, யாரைச் சேரவில்லை என்பதை இந்தக் கவுண்டியின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. பருத்தி விலையைக் காப்பாற்ற வந்த திட்டம், பருத்தியை விளைவித்த மக்களில் பெரும்பாலோரை அந்நிலத்திலிருந்து வெளியேற்ற எவ்வாறு துணை செய்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மானியத்துக்கு முந்தைய நிலை

1930-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி சன்ஃபிளவர் கவுண்டியில் சுமார் 66 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கறுப்பின மக்கள். நிலமோ பெரும்பாலும் வெள்ளையினப் பண்ணையார்களின் கையில் இருந்தது. 1865-இல் அடிமை முறை ஒழிந்தபின், நிலமில்லாத கறுப்பினக் குடும்பங்கள் அதே பண்ணைகளில் வாரத்துக்குப் பயிரிடத் தொடங்கின.

இந்த வார முறையில் நிலம், வீடு, கோவேறு கழுதை, விதை, கலப்பை ஆகியவற்றைப் பண்ணையார் தருவார். உழைப்பைக் குடும்பம் தரும். விளைச்சலில் பாதி பண்ணையாருக்கு, பாதி குடும்பத்துக்கு. அறுவடை வரை சாப்பாட்டுக்கு வேண்டிய மாவு, பன்றி இறைச்சி, துணி முதலியவற்றைப் பண்ணைக் கடையிலேயே கடனாக வாங்க வேண்டும். ஆண்டு முடிவில் கணக்குப் பார்க்கும்போது, குடும்பத்தின் பாதிப் பங்கிலிருந்து கடனும் வட்டியும் கழிக்கப்படும். கணக்கேடு பண்ணையாரிடம் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத குடும்பங்களே மிகுதி. மீதி ஒன்றும் இல்லை என்று சொல்லப்பட்டால் அதை மறுத்துப் பேச வழியில்லை.

இதற்கிடையில் பருத்தி விலை சரிந்தது. 1919-இல் பவுண்டுக்கு 35 சென்ட் அளவில் விற்ற பருத்தி, 1931, 1932 ஆண்டுகளில் 6 சென்ட் அளவுக்கு இறங்கியது. ஓராண்டு முழு விளைச்சலுக்கு நிகரான பருத்தி விற்காமல் தேங்கிக் கிடந்தது. பண்ணையார்கள் வங்கிக் கடனிலும், வாரக்குடிகள் பண்ணைக் கடையின் கடனிலும் மூழ்கினர்.

1933-ஆம் ஆண்டுச் சட்டம்

பிராங்க்ளின் ரூசவெல்ட் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்ற சில வாரங்களில், 1933 மே 12 அன்று வேளாண் சீரமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வேளாண் துறைச் செயலர் ஹென்றி வாலஸ் இதை நடத்தினார். சட்டத்தின் அடிப்படை எளிது. விளைச்சல் மிகுந்ததால் விலை விழுந்தது. ஆகவே விளைச்சலைக் குறைத்தால் விலை ஏறும். நிலத்தின் ஒரு பகுதியைப் பயிரிடாமல் விடும் உழவருக்கு அரசு ஈட்டுத்தொகை தரும். அதற்கான பணம் பருத்தி, கோதுமை போன்ற விளைபொருள்களைப் பக்குவம் செய்யும் ஆலைகளின் மீது விதித்த வரியிலிருந்து வரும்.

சட்டம் வந்தபோது அவ்வாண்டுப் பருத்தி ஏற்கெனவே முளைத்து வளர்ந்திருந்தது. எனவே நின்ற பயிரையே உழுது அழிக்க ஒப்பந்தம் போடப்பட்டது. நாடு முழுவதும் ஏறத்தாழ ஒரு கோடி ஏக்கர் பருத்தி இவ்வாறு அழிக்கப்பட்டது. செடியை மிதிக்காமல் சாலின் நடுவே நடக்கப் பழக்கப்பட்டிருந்த கோவேறு கழுதைகள், பயிரின் மேல் நடக்க மறுத்தன என்று அக்காலத்தவர் சொல்வதுண்டு. இதற்காகப் பத்துக் கோடி டாலருக்கு மேல் வழங்கப்பட்டது. பருத்தி விலையும் உயர்ந்தது. 1933-இல் 10 சென்ட் அளவுக்கும், 1934-இல் 12 சென்ட் அளவுக்கும் வந்தது. திவாலாகும் நிலையிலிருந்த பல பண்ணைகள் பிழைத்தன. இந்த அளவில் திட்டம் வெற்றி பெற்றது என்பதை மறுக்க முடியாது.

நான்கு சென்ட்டும் அரை சென்ட்டும்

சிக்கல் பங்கீட்டில் இருந்தது. 1934, 1935 ஆண்டுகளுக்கான பருத்தி ஒப்பந்தத்தில் ஈட்டுத்தொகை இரண்டு வகையாகப் பிரிக்கப்பட்டது. பயிரிடாமல் விட்ட நிலத்தை அரசு வாடகைக்கு எடுத்ததாகக் கொண்டு, அந்நிலத்தில் வழக்கமாக விளையும் பருத்தியில் பவுண்டுக்கு 3.5 சென்ட் வாடகை தரப்பட்டது. இதற்கு மேல் விலை ஈடாகப் பவுண்டுக்கு 1 சென்ட் தரப்பட்டது. வாடகை முழுவதும் நிலத்தைக் கொண்டிருப்பவருக்கு உரியது. விலை ஈட்டில் மட்டும் பாதி வாரக்குடிக்கு உரியது.

கூட்டிப் பார்த்தால், மொத்தம் 4.5 சென்ட்டில் பண்ணையாருக்கு 4 சென்ட், வாரக்குடிக்கு அரை சென்ட். பருத்தியைப் பயிரிட்டிருந்தால் விளைச்சலில் பாதி குடும்பத்துக்குக் கிடைத்திருக்கும். பயிரிடாமல் விட்டதால் ஒன்பதில் ஒரு பங்குதான் கிடைத்தது. அந்த அரை சென்ட்டும் பண்ணையாரின் வழியாகவே வர வேண்டியிருந்தது. பழைய கடனுக்கு வரவு வைத்துக்கொண்டோம் என்று பண்ணையார் சொன்னால் அதுவும் கைக்கு வராது.

இன்னொரு சிக்கலும் எழுந்தது. பயிரிடும் பரப்பு குறைந்தால் அதற்கேற்ப ஆட்களும் குறைவாகத்தான் வேண்டும். குடிகளை வெளியேற்றிவிட்டு, அந்நிலத்தைத் தினக்கூலி ஆட்களைக் கொண்டு பயிரிட்டால் விளைச்சலும் ஈட்டுத்தொகையும் முழுவதும் பண்ணையாருக்கே. இதைத் தடுக்க ஒப்பந்தத்தின் 7-ஆம் பிரிவு, இயன்ற வரையில் வழக்கமான எண்ணிக்கையில் குடிகளை வைத்திருக்க வேண்டும் என்று கூறியது. இயன்ற வரையில் என்ற சொல்லே போதிய ஓட்டையாக அமைந்தது. மேலும், எண்ணிக்கை குறையாதிருந்தால் போதுமா, அல்லது அதே குடும்பங்களை வைத்திருக்க வேண்டுமா என்ற கேள்வியும் எழுந்தது.

ஆற்றுக்கு அப்பால் எழுந்த எதிர்ப்பு

மிசிசிப்பி ஆற்றின் மேற்குக் கரையில் உள்ள ஆர்கன்சா மாநிலத்திலும் இதே நிலைதான். அங்கே டைரான்சா என்ற ஊரில் 1934 ஜூலையில் 11 வெள்ளையரும் 7 கறுப்பினத்தவரும் கூடித் தென்மாநிலக் குத்தகை உழவர் சங்கத்தைத் தொடங்கினர். இரு இனத்தவரும் ஒரே சங்கத்தில் சேர்வது அக்காலத் தென்மாநிலங்களில் துணிச்சலான செயல். வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்காகச் சங்கம் வழக்குத் தொடுத்தது. அதன் கூட்டங்கள் வன்முறையால் கலைக்கப்பட்டன.

தலைநகர் வாஷிங்டனில், திட்டத்தை நடத்திய துறையின் சட்டப் பிரிவுத் தலைவர் ஜெரோம் பிராங்க் குடிகளின் பக்கம் நின்றார். அதே குடும்பங்களையே வைத்திருக்க வேண்டும் என்பதே 7-ஆம் பிரிவின் பொருள் என்று அவருடைய பிரிவு விளக்கம் அளித்தது. திட்ட நிர்வாகி செஸ்டர் டேவிஸ் இதை ஏற்கவில்லை. 1935 பிப்ரவரியில் பிராங்க்கும் அவருடன் இருந்த சிலரும் பணிநீக்கம் செய்யப்பட்டனர். வாலஸும் இதற்கு உடன்பட்டார். தென்மாநிலப் பண்ணையார்களின் பிரதிநிதிகள் நாடாளுமன்றக் குழுக்களில் வலுவாக இருந்தனர். அவர்களைப் பகைத்துக்கொண்டால் திட்டமே நின்றுவிடும் என்ற அச்சம் ரூசவெல்ட் அரசுக்கு இருந்தது.

சன்ஃபிளவருக்கு மேற்கே அடுத்துள்ள போலிவர் கவுண்டியில் டெல்டா அண்ட் பைன் லேண்ட் என்ற மாபெரும் பண்ணை நிறுவனம் இருந்தது. அதன் உரிமை இங்கிலாந்தின் நூற்பாலை நிறுவனம் ஒன்றிடம் இருந்தது. அதன் தலைவர் ஆஸ்கர் ஜான்ஸ்டன், மானியத் திட்டத்தின் நிதி இயக்குநராகவும் பணியாற்றினார். இப்பண்ணை முதல் மூன்று ஆண்டுகளில் லட்சக்கணக்கான டாலரை ஈட்டுத்தொகையாகப் பெற்றது 1936-இல் வெளியாகிப் பெரும் விவாதமாயிற்று.

கவுண்டிக் குழு

மானியம் எவ்வாறு வழங்கப்பட்டது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு கவுண்டியிலும் உழவர்களே தேர்ந்தெடுக்கும் குழு ஒன்று அமைக்கப்பட்டது. எந்தப் பண்ணைக்கு எத்தனை ஏக்கர் பருத்தி ஒதுக்கீடு, அதன் வழக்கமான விளைச்சல் எவ்வளவு, யார் விதியை மீறினார் என்பவற்றை இக்குழு முடிவு செய்தது. மக்களாட்சி முறைப்படி மிகச் சிறந்த ஏற்பாடு என்று இது புகழப்பட்டது.

விதிப்படி வாரக்குடிகளும் இக்குழுவுக்கு வாக்களிக்கலாம். ஆனால் மிசிசிப்பியில் 1960-களின் நடுப்பகுதி வரை ஒரு கவுண்டிக் குழுவில்கூடக் கறுப்பின உறுப்பினர் இல்லை. குடியிருக்கும் வீடும் உண்ணும் உணவும் பண்ணையாரிடம் இருக்கையில், அவருக்கு எதிராக அவருடைய குழுவிடமே முறையிடுவது நடக்கக்கூடியதன்று. ஏக்கரை அளப்பவரும், பங்கைக் கணக்கிடுபவரும், முறையீட்டை விசாரிப்பவரும் ஒரே வகுப்பினராக இருந்தனர். சட்டத்தில் எழுதப்பட்டிருந்த குடிகளின் பங்கு நடைமுறையில் கரைந்து போனதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

1936 ஜனவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் பட்லர் வழக்கில், ஆலை வரியும் விளைச்சல் கட்டுப்பாடும் அரசியலமைப்புக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தது. அரசு உடனே மண்வளப் பாதுகாப்பு என்ற பெயரில் மானியத்தைத் தொடர்ந்தது. 1938-இல் புதிய வேளாண் சீரமைப்புச் சட்டம் வந்தது. குடிகளின் பங்கு கூட்டப்பட்டு, பணம் அவர்களுக்கு நேரே அனுப்பப்பட்டது. நல்ல திருத்தம்தான். ஆனால் குடிக்குப் பங்கு தர வேண்டுமென்றால் குடியே இல்லாமல் செய்துவிடலாம் என்ற எண்ணம் இதனால் வலுப்பட்டது. நேற்றுவரை வாரக்குடியாக இருந்தவர் இன்று தினக்கூலி என்று எழுதப்பட்டார். தென்மாநிலங்களில் 1930-இல் 7 லட்சத்து 76 ஆயிரமாக இருந்த வாரக்குடிகளின் எண்ணிக்கை 1940-இல் 5 லட்சத்து 41 ஆயிரமாகக் குறைந்தது.

இயந்திரம் வருதல்

இந்தக் குறைவுக்கு மானியம் மட்டுமே காரணமன்று. டிராக்டரின் வருகை, போர்க்காலத்தில் வடக்கு நகரங்களின் தொழிற்சாலைகளில் கிடைத்த வேலை, இன ஒடுக்குமுறை ஆகியவையும் மக்களை வெளியேறச் செய்தன. ஆனால் டிராக்டர் வாங்கும் பணம் பலருக்கு மானியத்திலிருந்தே கிடைத்தது. 1944 அக்டோபரில், சன்ஃபிளவருக்கு வடக்கேயுள்ள கிளார்க்ஸ்டேல் நகருக்கு அருகே ஹாப்சன் பண்ணையில் பருத்தி பறிக்கும் இயந்திரங்கள் பொதுமக்கள் முன்னிலையில் ஓட்டிக் காட்டப்பட்டன. அதுவரை உழவுக்கு ஆள் தேவைப்படாவிட்டாலும் பறிப்புக்குத் தேவைப்பட்டது. இனி அதற்கும் தேவையில்லை என்றாயிற்று. அடுத்த கால் நூற்றாண்டுக்குள் டெல்டாவின் பருத்தி ஏறத்தாழ முழுவதும் இயந்திரத்தால் பறிக்கப்பட்டது.

ஈஸ்ட்லேண்டும் ஹேமரும்

1960-களில் சன்ஃபிளவர் கவுண்டியைச் சேர்ந்த இருவர் நாடு முழுவதும் அறியப்பட்டனர்.

ஒருவர் ஜேம்ஸ் ஈஸ்ட்லேண்ட். டாட்ஸ்வில் அருகே 5,000 ஏக்கருக்கு மேல் பரந்த குடும்பப் பண்ணை இவருடையது. 1943 முதல் 1978 வரை அமெரிக்க மேலவை உறுப்பினராக இருந்தார். 1956 முதல் நீதித்துறைக் குழுவின் தலைவராக இருந்து குடியுரிமைச் சட்டங்களைத் தடுத்து வந்தார். வேளாண்மைக் குழுவிலும் உறுப்பினர். மானிய விதிகளை வகுக்கும் இடத்தில் இருந்தவரே அதைப் பெறுபவராகவும் இருந்தார். 1960-களின் இறுதியில் இவருடைய பண்ணை ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் மானியமாகப் பெற்றது.

மற்றவர் ஃபேனி லூ ஹேமர். 1917-இல் வாரக்குடிக் குடும்பத்தில் இருபதாவது குழந்தையாகப் பிறந்தார். ஆறு வயதில் பருத்தி பறிக்கத் தொடங்கினார். எழுதப் படிக்கத் தெரிந்ததால் ரூல்வில் அருகே ஒரு பண்ணையில் ஆட்களின் வேலை நேரத்தைக் குறிக்கும் பணி கிடைத்தது. அக்காலத்தில் இக்கவுண்டியின் வயதுவந்த கறுப்பின மக்களில் நூற்றுக்கு இருவர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. 1962 ஆகஸ்ட் 31 அன்று பெயரைப் பதிவு செய்ய ஹேமர் இண்டியனோலாவுக்குச் சென்றார். விண்ணப்பத்தைத் திரும்பப் பெற வேண்டும், இல்லையேல் வெளியேற வேண்டும் என்று பண்ணையார் கூறினார். பதினெட்டு ஆண்டுகள் உழைத்த பண்ணையை விட்டு அன்றிரவே வெளியேறினார். அறுவடை முடியும் வரை கணவர் அங்கேயே வேலை செய்ய வேண்டியிருந்தது.

மானியம் பெறுவதற்கு எந்தப் பண்ணையாரும் தம் வறுமையை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. பருத்தி ஒதுக்கீட்டு ஏக்கர் இருந்தால் போதும். ஆனால் அதே கவுண்டியில் அரசு உதவி பெற்ற ஏழைக் குழந்தைக்கு மாதம் 10 டாலருக்கும் குறைவாகவே கிடைத்தது. 1967 பிப்ரவரியில் பண்ணைத் தொழிலாளருக்கு மணிக்கு 1 டாலர் குறைந்தபட்சக் கூலி நடைமுறைக்கு வந்தபோது, பண்ணையார்கள் களைக்கொல்லிக்கு மாறினர். களைவெட்டும் வேலையும் போயிற்று. அவ்வாண்டு ஏப்ரலில் மேலவை உறுப்பினர்கள் ராபர்ட் கென்னடியும் ஜோசப் கிளார்க்கும் டெல்டாவுக்கு வந்து, குடிசைகளில் பசியால் வாடிய குழந்தைகளை நேரில் கண்டனர். பயிரிடாத நிலத்துக்குப் பணம், பயிரிட்டவருக்குப் பசி என்ற முரண்பாடு அப்போதுதான் நாட்டின் கண்ணில் பட்டது.

ஹேமர் 1969-இல் சுதந்திரப் பண்ணைக் கூட்டுறவைத் தொடங்கினார். முதலில் 40 ஏக்கர், பின்னர் 600 ஏக்கருக்கு மேல் நிலம் வாங்கப்பட்டது. காய்கறிகள் விளைவித்து ஏழைக் குடும்பங்களுக்கு வழங்கினர். பன்றி வங்கி என்ற திட்டத்தில், குடும்பத்துக்கு ஒரு பெண் பன்றி தரப்படும். அது ஈனும் குட்டிகளில் சிலவற்றை வங்கிக்குத் திருப்பித் தந்தால் போதும். நன்கொடைகளை நம்பி நடந்த இம்முயற்சி, பணமின்மையாலும் இயற்கை இடர்களாலும் 1970-களின் நடுவில் நிலத்தை இழந்தது. ஹேமர் 1977 மார்ச் 14 அன்று மறைந்தார். டெல்டாவில் பசிக்கு வழி தேடிய கூட்டுறவு கைவிட்டுப் போன அதே ஆண்டுகளில், பெரும்பண்ணைகளுக்கு மானியம் தடையின்றி வந்துகொண்டிருந்தது.

வரம்பும் வழக்கும்

பெரும்பண்ணைகளுக்குச் செல்லும் தொகை குறித்த எதிர்ப்பால், 1970-ஆம் ஆண்டு வேளாண் சட்டம் முதன்முறையாக உச்சவரம்பு விதித்தது. ஒருவர் ஒரு பயிருக்கு 55,000 டாலருக்கு மேல் பெறக்கூடாது. 1973-இல் இது 20,000 டாலராகக் குறைக்கப்பட்டது. வரம்பு ஒரு நபருக்கு என்று இருந்ததால், பண்ணையை மனைவி, மக்கள், உறவினர் பெயரில் பிரித்துக் காட்டும் வழக்கம் பெருகியது. பின்னர் வந்த சட்டங்கள் வரம்பைப் பலமுறை மாற்றின. 1996 முதல் 2013 வரை நடைமுறையில் இருந்த நேரடித் தொகை, அந்த ஆண்டு என்ன பயிரிட்டார் என்றுகூடப் பார்க்காமல், பழைய பயிர்ப் பரப்பின் அடிப்படையில் வழங்கப்பட்டது.

கறுப்பின உழவர்களின் குறைகள் இறுதியில் நீதிமன்றத்துக்குச் சென்றன. 1920-இல் நாட்டில் 9 லட்சத்து 25 ஆயிரமாக இருந்த அவர்களின் எண்ணிக்கை 1990-களில் 20 ஆயிரத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. அரசுக் கடனும் மானியமும் இனத்தின் காரணமாக மறுக்கப்பட்டன அல்லது பயிர்க்காலம் முடிந்தபின் வழங்கப்பட்டன என்று 1997-இல் பிக்ஃபோர்டு வழக்கு தொடரப்பட்டது. 1999 ஏப்ரலில் நீதிமன்றம் சமரசத்தை ஏற்றது. 15 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குப் பெரும்பாலும் தலா 50,000 டாலர் வீதம், மொத்தம் ஏறத்தாழ 100 கோடி டாலர் வழங்கப்பட்டது. காலம் கடந்து விண்ணப்பித்தவர்களுக்காக 2010-இல் 125 கோடி டாலர் அளவில் இரண்டாவது உடன்பாடு ஏற்பட்டது. ஆனால் இழந்த நிலம் திரும்பவில்லை. வாரக்குடிகளாக இருந்து வெளியேற்றப்பட்ட லட்சக்கணக்கானோருக்கு இந்த வழக்கில் இடமே இல்லை. அவர்கள் பெயரில் ஒருபோதும் ஒதுக்கீடு இருந்ததில்லை.

இன்றைய நிலை

2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி சன்ஃபிளவர் கவுண்டியின் மக்கள்தொகை சுமார் 26 ஆயிரம். தொண்ணூறு ஆண்டுகளில் பத்தில் ஆறு பேர் குறைந்துவிட்டனர். பருத்தியின் இடத்தைப் பெருமளவு சோயா, மக்காச்சோளம், நெல், கெளிற்றுமீன் வளர்ப்பு ஆகியவை பிடித்துக்கொண்டன. விலை வீழ்ச்சிக்கு ஈடு, பயிர்க் காப்பீட்டுக் கட்டணத்தில் பங்கு என்ற வடிவங்களில் மானியம் தொடர்கிறது. இன்றும் அது பெரிதும் ஏக்கர் கணக்கில்தான் வழங்கப்படுகிறது.

தொகுப்புரை

1933-ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுதியவர்கள் வாரக்குடிகளை வெளியேற்றும் எண்ணத்துடன் எழுதவில்லை. விலையை உயர்த்த வேண்டும் என்பதே அவர்களின் நோக்கம். அது நிறைவேறியது. ஆனால் பணத்தை நிலத்தின் அளவைக் கொண்டு கணக்கிட்டனர். அதைப் பங்கிடும் பொறுப்பை நிலம் வைத்திருந்தவர்களிடமே கொடுத்தனர். இந்த இரண்டு முடிவுகளும் சேர்ந்தபோது, உழைத்தவரின் பங்கு காகிதத்தில் நின்றுவிட்டது.

ஆகவே எந்த நாட்டின் வேளாண் மானியத்தைப் பற்றிப் படித்தாலும், மொத்தத் தொகை எவ்வளவு என்பதோடு மாணவர்கள் நின்றுவிடக்கூடாது. தொகை எதைக் கொண்டு கணக்கிடப்படுகிறது, யார் பெயரில் வருகிறது, யார் கையெழுத்திட்டால் கிடைக்கிறது, கிடைக்காதவர் யாரிடம் முறையிடலாம் என்ற நான்கு கேள்விகளையும் கேட்க வேண்டும். சன்ஃபிளவர் கவுண்டியில் 1934-இல் இந்த நான்கு கேள்விகளுக்கும் பண்ணையார் என்ற ஒரே விடைதான் இருந்தது.